பெட்ரோலுக்கு எவ்வளவு அழுத்தம்?

இன்றைக்கு ஒரு காரின் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்க்கப் போகிறோம். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் காதுக்கும்தான் இன்று வேலை.

இருபது வயது தாண்டிய கார் ஒன்று உங்கள் தெருவிலேயே நிற்கக்கூடும். காலையில் சாவியைத் திருகினால் 'கிர்ர்ர்... கிர்ர்ர்...' என்று நெடுநேரம் செல்ஃப் அடிக்கும். அப்புறம்தான் உயிர் வரும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இந்த வண்டிக்கு மூன்றாவது வளைவிலேயே மூச்சு வாங்கும். "வண்டிக்கு வயசாயிடுச்சுப்பா" என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள்.

நீங்கள் விடாமல், "வயசானா ஏன் இழுக்காது?" என்று கேட்டீர்கள் பாருங்கள், அது கேள்வி! கோளாறு எங்கேயோ ஒரு குழாயிலோ ரப்பரிலோ ஒளிந்திருக்கிறது. அதைத் தேடும்போது மெக்கானிக் அண்ணன் சீக்கிரமே செய்து பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தோடு வருகிறது என்று அளப்பதுதான் அது.

எந்தக் காரைச் சொல்கிறேன்? 2000ஆம் ஆண்டையொட்டி நம் நாட்டில் கார்ப் புகைக்குக் கடுமையான விதிகள் வந்தன. அதுவரை பெரும்பாலான கார்களில் கார்புரேட்டர்தான் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது. புது விதிக்கு அது போதவில்லை. அதன் இடத்தில் இஞ்செக்டர் வந்தது. அந்தக் காலத்துச் சில கார்களின் பின்பக்கத்தில் 'எம்.பி.எஃப்.ஐ.' என்று எழுதி ஒட்டியிருக்கும், பார்த்திருக்கிறீர்களா? 'இது இஞ்செக்டர் வைத்த வண்டி' என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ள! வெளிநாட்டில் இது இன்னும் பழைய சங்கதி. பாஷ் கம்பெனி செய்த மின்னணு இஞ்செக்‌ஷன் 1967இலேயே வோக்ஸ்வாகன் 1600 காரில் வந்துவிட்டது.

சரி, பெட்ரோல் போகிற வழியைப் பார்ப்போம். விரலால் காற்றில் வரைந்துகொண்டே வாருங்கள்.

வண்டியின் பின்பக்கம் பெட்ரோல் டேங்க். பெரும்பாலான வண்டிகளில் அதற்குள்ளேயே, பெட்ரோலில் முழுகியபடி, ஒரு மின்சாரப் பம்ப் இருக்கிறது. பம்ப் தள்ளும் பெட்ரோல் ஃபில்டர் வழியாக முன்பக்கம் வருகிறது. இஞ்சினுக்கு மேலே ரெயில் என்ற ஒரு கெட்டிக் குழாய். அதில் வரிசையாக இஞ்செக்டர்கள் செருகியிருக்கும், சிலிண்டருக்கு ஒன்று. ரெயிலின் ஒரு முனையில் ரெகுலேட்டர் என்ற சின்ன டப்பா. தேவைக்கு மேல் வந்த பெட்ரோலை அது இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திருப்பி அனுப்பிவிடும். போக ஒரு பாதை, வர ஒரு பாதை. வரைந்தாயிற்றா?

இஞ்செக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் குட்டிக் குழாய்தான். காரின் கம்ப்யூட்டர் 'திற' என்றால் திறக்கும், 'மூடு' என்றால் மூடும். வண்டி சும்மா நின்று உறுமும்போது ஒவ்வொரு முறையும் அது திறந்திருப்பது ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கு போட்டால் அதில் இரண்டு மூன்று பங்கு நேரம்தான். நீங்கள் கண் சிமிட்டும் நேரம் அதைவிடப் பல மடங்கு அதிகம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அம்மா உங்களிடம், "குழாயைத் திறந்து பத்து எண்ணிட்டு மூடு. வாளி பாதி நிறைஞ்சிருக்கும்" என்கிறார். நீங்களும் பத்து எண்ணுகிறீர்கள். அடியிலேயே குழாய் வைத்த தொட்டி அது. தொட்டி நிறைய தண்ணீர் இருந்தால் அம்மா சொன்னபடி பாதி வாளி. தொட்டியில் அடியில் கொஞ்சம்தான் கிடக்கிறது என்றால்? குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். அதே பத்துதான் எண்ணினீர்கள். ஆனால் வாளியில் கால் பங்குகூட இல்லை! உங்கள் எண்ணிக்கை சரி, வாளியில் இருக்கிற தண்ணீர் தப்பு.

காரின் கம்ப்யூட்டரும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறது. இஞ்செக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும். 'பெட்ரோல் எப்போதும் சரியான அழுத்தத்தில் வருகிறது' என்று நம்பிக்கொண்டு அது கணக்குப் போடுகிறது. இப்போது வரும் பல கார்களில் பெட்ரோல் அழுத்தத்தை அளந்து சொல்லவே ஒரு சென்சார் இருக்கிறது. நாம் பேசுகிற பழைய காரில் அது கிடையாது. அழுத்தம் பாதியாகக் குறைந்தாலும் 'குறைந்துவிட்டது' என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல ஆள் இல்லை.

இங்கே ஒரு வேடிக்கை. அழுத்தம் பாதியானால் பெட்ரோலும் பாதியாகிவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆகாது. 100 சொட்டு விழுந்த இடத்தில் 70 சொட்டு விழும். பெட்ரோல் பாதியாக வேண்டுமானால் அழுத்தம் கால் பங்காகக் குறைய வேண்டும். அழுத்தத்தின் வர்க்கமூலத்தைத்தான் பெட்ரோல் பின்தொடர்கிறது. வர்க்கமூலம் இன்னும் படிக்கவில்லையா? பரவாயில்லை, அக்காவிடமோ அண்ணனிடமோ கேளுங்கள். படித்தவர்கள், கால்குலேட்டரில் 0.5 போட்டு வர்க்கமூலப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

உங்களில் ஒரு கெட்டிக்காரர் இப்போது கையைத் தூக்குவார். "புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கே மாமா! பெட்ரோல் குறைஞ்சா அது காட்டிக்கொடுக்காதா?" சபாஷ்! காட்டிக்கொடுக்கும். கம்ப்யூட்டரும் இஞ்செக்டரை இன்னும் சற்று நேரம் திறந்து வைத்துச் சரிக்கட்டப் பார்க்கும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. தவிர, ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது பழைய கம்ப்யூட்டர்கள் அந்த சென்சாரின் பேச்சைக் கேட்பதே இல்லை. கொல்லிமலையில் மூச்சு வாங்கியது ஏன் என்று கொஞ்சம் புரிகிறதா?

அழுத்தத்தை பார் என்ற அலகில் சொல்வார்கள். அந்தக் காலத்துப் பல கார்களில் பெட்ரோல் அழுத்தம் 2.5 முதல் 3 பார் வரை இருக்கும். 3 பார் என்றால் எவ்வளவு? மாடித் தொட்டியை 10 மீட்டர் உயரத்தில் வைத்தால் கீழே குழாயில் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். 3 பார் வேண்டுமானால் 30 மீட்டர், அதாவது நூறு அடி உயரத்தில் தொட்டி வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் 200 அடிக்கு மேல். அதில் பாதி உயரத்துக்குத் தொட்டியைத் தூக்கி வைக்க வேண்டும்! அந்த வேலையை டேங்குக்குள் இருக்கும் கையடக்கப் பம்ப் செய்கிறது. டயருக்குக் காற்று அடிக்கிற அண்ணன் "30 வைக்கவா?" என்று கேட்கிறாரே, அந்தக் கணக்கில் இது 43.

இதை அளக்கிற கருவிக்கு கேஜ் என்று பெயர். வட்ட முகம், ஒற்றை ஊசி. உள்ளே பேட்டரியும் இல்லை, கம்பியும் இல்லை. பிறகு ஊசி எப்படி நகர்கிறது?

பாரிஸ் நகரத்தில் யூஜீன் பூர்தோன் என்று ஒருவர் இருந்தார். நீராவி இயந்திரங்கள் செய்தவர். அவர் பட்டறையில் ஒரு சுருள் குழாய், செய்யும்போதே நசுங்கித் தட்டையாகிவிட்டது. உள்ளே அழுத்தம் கொடுத்தால் மறுபடி உருண்டையாகிவிடும் என்று எண்ணி, தண்ணீரை உள்ளே அழுத்திச் செலுத்தினார்கள். குழாய் உருண்டையாகத்தான் பார்த்தது. கூடவே சுருளும் பிரிந்து நீள ஆரம்பித்தது! வேறு யாராவது பார்த்திருந்தால் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். பூர்தோன், "எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு நீள்கிறது?" என்று யோசித்தார். அந்தக் குழாயின் முனையில் ஓர் ஊசியை மாட்டினால் அதுவே அழுத்தம் காட்டும் கருவி. 1849இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். மெக்கானிக் அண்ணன் கையில் இருக்கும் கேஜைப் பிரித்தால் இன்றைக்கும் உள்ளே வளைந்த தட்டைக் குழாய் ஒன்றுதான் இருக்கும். எனக்கு இந்தக் கருவி மேல் தனிப் பிரியம்.

கேஜை மாட்டும் முன் ஒரு கண்டிப்பான பேச்சு. இது பெரியவர்கள் செய்கிற வேலை, அதிலும் வேலை தெரிந்த பெரியவர்கள். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரில்கூடப் பெட்ரோலின் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து மூலையில் போய்த் தேங்கும். எங்கோ தள்ளி எரிகிற அடுப்பையும் அது தேடிப் போகும். ஆகவே நீங்கள் எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும். சம்மதமா?

அண்ணன் என்ன செய்கிறார், பாருங்கள். இஞ்சின் ஆறும் வரை காத்திருக்கிறார். பம்புக்கு மின்சாரம் தரும் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்கிறார். குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் தீர்ந்ததும் இஞ்சின் தானாக நின்றுவிடுகிறது. இப்போது குழாயில் அழுத்தம் இறங்கிவிட்டது. பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுகிறார். தீயணைக்கும் சிலிண்டர் கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்கிறது. குழாய் இணைப்பைச் சுற்றித் துணியைப் போர்த்தி, மெல்லத் திருகித் திறந்து, நடுவில் கேஜை இணைக்கிறார். சில கார்களில், குறிப்பாக அமெரிக்கக் கார்களில், ரெயிலிலேயே டயர் வால்வு மாதிரி ஒரு மூக்கு இருக்கும். அங்கே வேலை சுலபம். பிறகு எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, எங்கும் கசியவில்லை என்று உறுதி செய்துகொள்கிறார்.

சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புகிறார். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்! பின்சீட்டுப் பக்கம் 'ம்ம்ம்...' என்று ஒரு சின்ன முனகல். இரண்டு மூன்று நொடியில் நின்றுவிடுகிறது. அதுதான் பம்ப். இஞ்சின் சுற்றவில்லை என்று தெரிந்ததும் கம்ப்யூட்டர் பம்பை நிறுத்திவிடும். விபத்தில் வண்டி நின்றுபோனால் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கக் கூடாதல்லவா? இதற்குள் கேஜ் ஊசி எழுந்து 3 பாரைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நல்ல சகுனம். உங்கள் வண்டிக்குச் சரியான எண் எது என்பது அதன் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அண்ணன் முதலில் அதைத்தான் புரட்டுவார்.

அடுத்து இஞ்சினை ஸ்டார்ட் செய்கிறார். அட! ஊசி 3லிருந்து 2.4க்கு இறங்கிவிட்டதே! பம்ப் கெட்டுவிட்டதா?

இல்லவே இல்லை. இதுதான் இந்தச் சோதனையிலேயே அழகான இடம்.

வண்டி சும்மா ஓடும்போது காற்று வருகிற கதவு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. பிஸ்டன்களோ காற்றைக் கேட்டுக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதனால் காற்றுப் பாதைக்குள் ஓர் உறிஞ்சல் உண்டாகிறது. சுமார் 0.6 பார் அளவு என்று வைத்துக்கொள்வோம். இஞ்செக்டரின் வாய் அந்த இடத்தில்தான் திறக்கிறது. பின்னாலிருந்து ரெயில் தள்ளுகிறது, முன்னாலிருந்து உறிஞ்சல் இழுக்கிறது. தள்ளுவது 2.4, இழுப்பது 0.6. கூட்டுங்கள். 3!

இப்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால்? காற்றுக் கதவு விரியத் திறக்கிறது. உறிஞ்சல் போயே போய்விட்டது. அப்போது ரெயில் மட்டும் தனியாக 3 பார் தள்ள வேண்டும். 3ம் 0ம் சேர்ந்தால் 3. எந்த நேரமும் கூட்டுத்தொகை மாறாது. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிற கம்ப்யூட்டரின் கணக்கு தப்பாமல் இருக்கிறது.

இந்தக் கூட்டல் கணக்கைப் போடுவது யார்? அந்தச் சின்ன டப்பா, ரெகுலேட்டர்தான்! அதன் நடுவே ஒரு ரப்பர்த் தகடு இருக்கிறது. ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் ஸ்பிரிங். பெட்ரோல் ஸ்பிரிங்கை மீறித் தள்ளினால் திரும்பும் வழி திறந்து, அழுத்தம் இறங்கும். ஸ்பிரிங் இருக்கும் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸ் காற்றுப் பாதைக்குப் போகிறது. உறிஞ்சல் அதன் வழியாக வந்து ஸ்பிரிங்குக்கு எதிராக இழுக்கும். உடனே வழி இன்னும் கொஞ்சம் திறக்கும், அழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர், ஒரு ஹோஸ், அவ்வளவுதான். இதை யோசித்துச் செய்தவருக்கு ஒரு சலாம் போடலாம்!

அண்ணன் அந்த ஹோஸைப் பிடுங்கி விரலால் அதன் வாயை அடைக்கிறார். ஊசி டக்கென்று 3க்கு ஏறுகிறது. ரெகுலேட்டர் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருக்கிறதா என்றும் மோந்து பார்க்கிறார். இருந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது. கிழிசல் வழியாகப் பெட்ரோல் நேரே இஞ்சினுக்குள் போய், வண்டி கறுப்புப் புகை தள்ளும். இதைக் கண்டுபிடிக்க கேஜ்கூடத் தேவையில்லை பாருங்கள், மூக்கே போதும். பெட்ரோலை மோந்து பார்ப்பது உடம்புக்கு ஆகாது, அதனால் நீங்கள் இதைச் செய்யவே கூடாது.

ஏற்றத்தில் இழுக்காத வண்டியின் ரகசியத்தைப் பட்டறையில் நிறுத்தி வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். நின்றபடி ஓடும்போது பெட்ரோல் கொஞ்சம்தான் செலவாகும். ஃபில்டர் பாதி அடைத்திருந்தாலும் ஊசி ஒழுங்காக நிற்கும். அதனால் நீளமான ஹோஸுள்ள கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டி, வண்டியை ஓட்டிப் பார்ப்பார்கள். பெட்ரோல் நிறைந்த கேஜை வண்டிக்குள்ளே கொண்டுவரவே கூடாது. மேட்டில் ஏறும்போது ஊசி சரிந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் களைத்துவிட்டது. சிலர் உடனே பம்பை மாற்றிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. பம்பைவிட ஃபில்டர் மலிவு. பம்புக்குப் போகும் ஒயரில் மின்சாரம் முழுசாக வருகிறதா என்று பார்ப்பது அதைவிட மலிவு. மலிவானதிலிருந்து தொடங்குகிறவர்தான் நல்ல மெக்கானிக்.

காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்ததே, அது என்ன ஆயிற்று? அண்ணன் இஞ்சினை நிறுத்திவிட்டு கேஜையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஊசி உடனே விழக் கூடாது. மிக மெதுவாகத்தான் இறங்க வேண்டும். பம்புக்குள் ஒரு வழி வால்வு ஒன்று இருக்கிறது. அது பெட்ரோலைத் திரும்பிப் போகவிடாமல் பிடித்து வைக்கும். பிடிமானம் விட்டுப்போனால் அழுத்தம் சரசரவென்று இறங்கிவிடும். மறுநாள் காலையில் குழாயில் மறுபடி அழுத்தம் ஏறுகிற வரை செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சூடான இஞ்சினில் இன்னும் மோசம். அழுத்தம் இறங்கிய பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குமிழி விடும்.

மாமாவிடமோ அப்பாவிடமோ நீங்களே ஒரு யோசனை சொல்லலாம். "ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சாவியை ஆன் பண்ணி மூணு எண்ணுங்க. ஆஃப் பண்ணுங்க. திரும்ப ஆன் பண்ணி மூணு எண்ணுங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க." இப்படிச் செய்ததும் வண்டி சட்டென்று கிளம்பினால் ராத்திரியில் எங்கோ அழுத்தம் ஒழுகிவிடுகிறது. பம்பின் வால்வு, ரெகுலேட்டர், சொட்டுகிற இஞ்செக்டர், இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் திருடன். அண்ணன் டேங்குக்குத் திரும்பும் ரப்பர்க் குழாயை அதற்கென்று உள்ள கிளாம்பால் அழுத்திப் பிடிப்பார். ஊசி விழாமல் நின்றால் ரெகுலேட்டர். டேங்கிலிருந்து வரும் குழாயைப் பிடித்ததும் நின்றால் பம்ப் வால்வு. இரண்டையும் பிடித்தும் விழுந்தால் இஞ்செக்டர். குழாய் பழசாகி வெடித்திருந்தால் அதைப் பிடிக்கவே மாட்டார், முதலில் புதுசு மாற்றுவார்.

இவ்வளவும் கேட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு ஒரு புதிர். ஒரு காரில் சாவியை ஆன் செய்தால் ஊசி 3 பார். இஞ்சினை ஸ்டார்ட் செய்த பிறகும் 3 பார், கொஞ்சமும் இறங்கவில்லை. மெல்லிய ஹோஸைப் பிடுங்கினாலும் அதே 3 பார். எங்கே கோளாறு?

பென்சிலை எடுங்கள். உறிஞ்சல் ரெகுலேட்டருக்குப் போய்ச் சேரவில்லை. ஹோஸ் அடைத்திருக்கலாம், வெடித்திருக்கலாம், இல்லை ரெகுலேட்டரே இறுகிப்போயிருக்கலாம். அப்படியானால் வண்டி சும்மா நிற்கும்போது இஞ்செக்டரில் மொத்தத் தள்ளல் எவ்வளவு? ரெயில் 3, உறிஞ்சல் 0.6, ஆக 3.6. இருக்க வேண்டியதைப் போல 1.2 மடங்கு. அக்காவிடம் கேட்ட வர்க்கமூலத்தை இங்கே போடுங்கள். 100 சொட்டு விழ வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 110 சொட்டு விழுகிறது.